மேசையை ஜன்னல் பக்கம் போடு

அம்மாடி,

வெள்ளிக்கிழமை வீடியோவில் பார்த்ததிலிருந்து அந்த அறை நினைப்பாகவே இருக்கிறது. பகல் பதினொரு மணிக்குத் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் முதுகுக்குப் பின்னால். லேப்டாப் வெளிச்சம் கன்னத்தில் நீலமாக அடிக்கிறது. தூக்கம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை, சரி.

வயரிங் வேலையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேள். மேசையில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்போம்; ஆபீஸ் மேசைக்கு 500 லக்ஸ் கணக்கு வைத்து விளக்குப் போடுவோம். உன் மேசையில் 100 தேறினால் பெரிது. வெளியே மேகமூட்டத்திலும் பகலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உடம்புக் கடிகாரம் நேரம் வைத்துக்கொள்கிறது. அது ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல் கொடுத்தபோது நீதானே எனக்குப் படித்துக் காட்டினாய்! பகலெல்லாம் இருட்டில் கிடந்துவிட்டு, ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு பேச 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை விளக்கைத் தலைக்கு மேல் எரியவிட்டால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் எப்படிச் சுரக்கும், தூக்கம் எப்படி வரும்?

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடு. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், முதுகு காட்டி உட்கார்ந்தால் திரையில் பளபளக்கும், அதனால் பக்கவாட்டில்தான். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது விநாடி பார். திரையையே பார்த்திருந்தால் இமைப்பது குறைந்து கண் காய்ந்துபோகும், தலைவலியும் வரும். காலையில் கொஞ்ச நேரம் மொட்டைமாடியில் நில். காபியை அங்கேயே கொண்டுபோய்க் குடி.

பெங்களூரில் தனியாக வீடெடுத்துச் சொந்தக் காலில் நிற்கிறாய் என்று கடைத்தெருவில் நான் சொல்லாத ஆளில்லை. ஆனால் பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் பேச்சை இந்த வீட்டில் இனி யாரும் எடுக்கமாட்டார்கள், பெரியத்தையிடமும் கண்டித்துச் சொல்லிவிட்டேன். ஜன்னலைத் திறந்து வை, அம்மாடி. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

சின்னவன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சப் பல்பு இரண்டும், கழுத்து வளைகிற மேசை விளக்கு ஒன்றும் கொடுத்தனுப்புகிறேன். பொழுது சாய்ந்தபின் அதை மட்டும் போடு, பெரிய லைட் வேண்டாம். உன் பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவனோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், மாட்டிவிட்டுப் போகட்டும்.

அப்பா