காணிக்கையை வைத்துவிட்டுப் போ

ஆசிரியர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

போன இதழில் லெந்து என்கிற, ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நாற்பது நாளும் கறி மீனை விடுவது, உபவாசம், மாலைக் கூட்டம், அதில் மிச்சமாகும் காசை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எல்லாம் சரி, நானும் சிறு வயதிலிருந்து செய்துவருகிறவன்தான். ஆனால் காணிக்கைக்கும் முன்னால் செய்யும்படி இயேசு சொன்ன ஒரு காரியத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லையே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

மத்தேயு 5-ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களைச் சொல்கிறேன். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ ஞாபகம் வந்தால், கொண்டுவந்ததை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். இதை நாம் மன்னிப்பைப் பற்றிய வசனமாகவே பிரசங்கம் பண்ணிவிடுகிறோம். எனக்கு ஒருவன்மேல் கோபம் இருந்தால் அதை ஜெபத்தில் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என்று. அதை உட்கார்ந்த பெஞ்சிலேயே செய்துவிடலாமே. வசனத்தில் குறை இருப்பது அவனுக்கு, அதுவும் என்பேரில். அப்படியானால் எழுந்து போக வேண்டியவன் நான். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். காணிக்கை செலுத்தும் பலிபீடமோ எருசலேம் தேவாலயத்தில், நூறு கிலோமீட்டருக்கு மேல், நடந்தால் மூன்று நாள். பலியைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சமாதானமாகித் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும். அத்தனை நாளும் அந்தக் காணிக்கை அங்கேயே கிடக்கட்டும் என்கிறார்!

என் விஷயத்தையே எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் காம்பவுண்டுச் சுவர் கட்டினபோது பெரியப்பா மகன், அதாவது என் அண்ணனுடைய நிலத்தில் இரண்டடி தள்ளிக் கட்டினேன். அஸ்திவாரம் தோண்டும்போது கொத்தனார் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அண்ணன் வந்து கேட்டபோது பட்டாவைக் காட்டிச் சத்தம் போட்டேன், கல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கோயில், மாதாமாதம் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் பீடத்துக்கு முன்னால் ஒரே வரிசையில் முழங்கால் போட்டிருக்கிறோம். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1950-இல் தனக்கென்று திருவிருந்து ஆராதனை முறைமை வகுத்தபோது, ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்பதைக் காணிக்கை எடுப்பதற்கு முன்னால்தான் வைத்தது. மேலே சொன்ன வசனத்தின் வரிசை அது. நான் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கை கொடுத்துவிட்டுப் பையிலிருந்து காணிக்கைக் கவரை எடுத்துவிடுவேன், அண்ணன் இருக்கிற பக்கம் திரும்பமாட்டேன்.

போன வருஷம் லெந்தில் ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். ‘அண்ணே, கல்லைப் பிடுங்கினது எனக்குத் தெரியும்’ என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் அண்ணன் சொன்னார், ‘சுவர் கிடக்கட்டும். எங்கம்மையைத் தூக்குற அன்னைக்கு நீ வாசலோட நின்னுட்டுப் போயிட்டியேடே.’ பெரியம்மா அடக்கத்துக்கு நான் உள்ளே போகாமல் நின்றதை அவர் கவனித்திருப்பார் என்றே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் சுவருக்காகத்தான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கு இருந்த குறை வேறு. என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் அந்தப் பெரியம்மா. வீட்டிலிருந்தே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் பார்த்தபோது தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறோம். கல் எங்கே விழுகிறதோ அதுவரை சுவரை இடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேதத்தில் வரும் சகேயு என்ற வரி வசூலிக்கிறவன் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நான் அதில் கால்வாசிதான் செய்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சபைகள் முன்பு ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபை வழிவந்த, சபைகளாக இருந்தவை. அவர்களுடைய 1662-ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தில், திருவிருந்து நடக்கப்போவதை முன்கூட்டியே அறிவித்து, யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அதற்குள் போய் ஒப்புரவாகி, ஈடும் செய்யுங்கள் என்று குருவானவர் சபைக்குச் சொல்ல வேண்டும். பகையோடு இருக்கிறவர்களை ஒப்புரவாகும்வரை பந்திக்குச் சேர்க்கவும் கூடாது. இப்போது திருவிருந்து உண்டு என்பது மற்ற அறிவிப்புகளோடு ஒரு வரியாக வந்துபோய்விடுகிறது. அந்த முன்னறிவிப்பு அவகாசத்தையும் அந்த வார்த்தைகளையும் திரும்பக் கொண்டுவரும்படி குருவானவர்களைக் கேட்டு நீங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும். அடுத்த லெந்துக்கு முன்னாலேயே எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தூத்துக்குடி மாவட்டம்