'மூங்' ஆல்பத்தைக் கொண்டாடிய பிரிட்டன் விமர்சகர்களுக்கு

அன்புள்ள பாப் இசை விமர்சகர்களே,

வேல்ஸ் நாட்டு சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் குழு 2000 மே மாதம் 'மூங்' ஆல்பத்தை வெளியிட்டபோது நீங்கள் திட்டவில்லை, கொண்டாடினீர்கள். எனக்கு மனத்தாங்கல் அந்தக் கொண்டாட்டத்தின் மேல்தான்.

பத்துப் பாட்டும் வெல்ஷ் மொழியில். பிரிட்டன் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 11ஆம் இடம். அதற்கு முன் எந்த வெல்ஷ் ஆல்பமும் அவ்வளவு மேலே வந்ததில்லை. வேல்ஸ் தேசியவாதக் கட்சியான ப்ளைட் கம்ரியின் எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் பாராட்டுத் தீர்மானமே கொண்டுவந்தார். இதெல்லாம் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் செய்தியைச் சொன்ன கையோடு, மொழி புரியாவிட்டால் என்ன, மெட்டு போதுமே என்ற தொனியில் உங்களில் பலர் பேனாவை மூடிவிட்டீர்கள்.

'அமைலோடி ஆர் அமலோன்' பாட்டுக்கு மெட்டு எப்படிப் போதும்? குழு ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்ததும் வெல்ஷ் பண்பாட்டு வட்டாரத்தில் ஒரு சாரார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பாடகர் கிரிஃப் ரீஸ் கொடுத்த பதில் இந்தப் பாட்டு. ஓரங்கட்டினால் என்ன, ஓரத்திலேயே உறுப்பினராகச் சேர்ந்துவிடுகிறோம் என்கிற குத்தல். தாய்மொழிக் கொடி ஏந்திய ஆல்பம் என்று நீங்கள் கைதட்டினீர்களே, அதற்குள்ளேயே கொடிபிடிப்பவர்களுக்கும் ஒரு குட்டு இருக்கிறது. உங்கள் வாசகருக்கு இது தெரிய வேண்டாமா?

'பான் தவ்ர் வவ்ர்' கிராமங்கள் தேய்ந்துபோவதைப் பாடுகிறது. 'டாக்கூ ஹீ' பாட்டோ, தன் முதுகுப்பக்கமும் கண் உண்டு என்று மிரட்டிய டீச்சரைப் பற்றியது. இரண்டையும் புரியாத மொழியின் மயக்கம் என்று ஒரே பையில் போட்டுக் கட்டினால் என்ன நியாயம்? ஆல்பத்தில் வரும் 'அ டெய்ம்லாட்' உண்மையில் டட்பிளகி என்ற வெல்ஷ் குழுவின் பாட்டு. வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் தன் பிபிசி நிகழ்ச்சிக்கு அழைத்து வாசிக்கவைத்த குழு அது. ஆகவே யாரென்று தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

இசையிலும் பேச விஷயம் இருந்தது. இவர்களுடைய முந்தைய ஆண்டு ஆல்பமான 'கெரில்லா'வில் எலெக்ட்ரானிக் விளையாட்டு அமர்க்களப்பட்டது. 'மூங்' பெரும்பாலும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிந்தது, தயாரிப்பாளர் கோர்வெல் ஓவனோடு. இவர்களின் இசைத்தட்டு நிறுவனமான கிரியேஷன் கடையை மூடியதும் சொந்த லேபிளான ப்ளாசிட் கேஷுவல் மூலம் கொண்டுவந்தார்கள். ஆரவாரமெல்லாம் உதிர்ந்தபின் இவர்களிடம் எவ்வளவு நல்ல மெட்டுகள் மிஞ்சின என்று காட்டிய ஆல்பம் என்பேன்.

மொழி தெரியாமலே இந்திப் பாட்டை முணுமுணுத்தவர்கள் நாங்கள். கேட்பவருக்கு அந்தச் சலுகை உண்டு. விமர்சனத்துக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு இல்லை.

இன்று அட்வைத் என்ற குழு வெல்ஷில் பாடுகிறது. பாடகி க்வென்னோ 2018இல் 'லே கோவ்' ஆல்பத்தை முழுக்கக் கார்ன்வால் பகுதியின் கார்னிஷ் மொழியில் தந்தார். அடுத்த ஆல்பம் மேசைக்கு வரும்போது, மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, பாட்டு பாட்டாகக் கேளுங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் எழுதுங்கள். எனக்கு 'மூங்'கில் வரும் 'சார்ன் ஹெலென்' இழுவையாகத்தான் படுகிறது. ரோமானியர் காலத்துச் சாலையைப் பற்றிய பாட்டு, அந்த இழுவை வேண்டுமென்றே வைத்தது என்று உங்களில் யாராவது வாதாடினால் ஆசையாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ரசிகன்