எண்ணெய் அதிபரின் மாளிகையில் ஒரு நாட்டின் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஜர்பைஜானின் தலைநகர் பாகு பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தை அது ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது.

அந்த அருங்காட்சியகம் இயங்கும் கட்டடம், எண்ணெய் அதிபர் ஹாஜி செய்னலாப்தீன் தகியேவின் இல்லமாகும். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே கட்டட வேலைக்குச் சென்ற அவர், பீபி ஹெய்பத் பகுதியில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பங்காளிகள் நம்பிக்கையிழந்து விலகிய பிறகும் தொடர்ந்து தோண்டி, எண்ணெய் பீறிட்டதும் பெருஞ்செல்வரானார். போலந்துக் கட்டடக் கலைஞர் யூசெஃப் கொஸ்லாவ்ஸ்கி வடிவமைத்த இம்மாளிகை, 1920இல் சோவியத் ஆட்சி ஏற்பட்டதும் அரசுடைமையானது. தகியேவ் 1924இல் பாகுவை அடுத்த மர்தகான் என்ற ஊரில் காலமானார்.

தொல்பொருள்கள், நாணயங்கள், கம்பளங்கள் ஆகியவற்றுடன் அவர் வாழ்ந்த அறைகளும் அங்கே பேணப்படுகின்றன. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றை மட்டும் பார்த்துத் திரும்புவோர், பொன் வேலைப்பாடு மிளிரும் கீழைநாட்டு மண்டபத்தை நிமிர்ந்து பார்க்கத் தவறினால், எண்ணெய் அந்நகரை எப்படி மாற்றியது என்பதற்கான கண்கூடான சான்றையே தவறவிட்டவர்களாவர். முஸ்லிம் சிறுமியருக்காக 1901இல் பாகுவில் திறக்கப்பட்ட பள்ளிக்குப் பொருளுதவி செய்தவரும் இவரே. பெண் கல்விக்குக் கடும் எதிர்ப்பு நிலவிய காலத்தில் அவர் காட்டிய இத்துணிவை, அவருடைய செல்வத்தைவிட மேலானதாகக் கருதுகிறேன்.

இம்மாளிகையைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைப் படங்களுடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.