வகுத்தல் தொடர்களும் இயற்கணிதக் கோவைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வரும் கணிதப் பயிற்சிகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், சொற்றொடர்களை இயற்கணிதக் கோவைகளாக எழுதும்போது, அதிலும் வகுத்தல் வரும் இடங்களில், மாணவர்கள் தடுமாறுவது குறித்துச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். இக்கடிதத்தில் மாறியை ‘ம’ என்று குறிக்கிறேன்.

‘15-ஐ ம-ஆல் வகுக்க’ என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 15/ம என்று சரியாகவே எழுதிவிடுகிறார்கள். அதையே ‘ம-ஆல் 15-ஐ வகுக்கக் கிடைக்கும் ஈவு’ என்று மாற்றிக் கேட்டால், காதில் விழுந்த வரிசையிலேயே ம/15 என்று எழுதுபவர்கள் பலர். கூட்டலிலும் பெருக்கலிலும் எந்த எண்ணை முதலில் எழுதினாலும் விடை மாறாது என்பதால், அங்கே பழகிய கை வகுத்தலிலும் அப்படியே ஓடுகிறது. தொடரில் எந்த இடத்தில் நின்றாலும், ‘ஐ’ உருபை ஏற்ற எண்தான் வகுபடும் எண். அது கோட்டுக்கு மேலே போக வேண்டும். ‘ஆல்’ உருபை ஏற்றது வகுத்தி. அது கீழே வர வேண்டும். தமிழ்ப் பாடவேளையில் வேற்றுமை உருபுகளை ஒப்பிக்கும் பிள்ளையிடம், அதைக் கணக்குப் பாடவேளையிலும் பயன்படுத்திக்கொள் என்று நாம் சொல்வதில்லை.

கூட்டலும் வகுத்தலும் சேர்ந்து வரும் தொடர்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ‘ஓர் எண்ணுடன் 6-ஐக் கூட்டி, வந்ததை 3-ஆல் வகுக்க’ என்பது (ம + 6)/3. ‘ஓர் எண்ணின் மூன்றில் ஒரு பங்குடன் 6-ஐக் கூட்ட’ என்பது ம/3 + 6. ம-வின் மதிப்பு 12 எனில் முதலாவது 6, இரண்டாவது 10. நோட்டில் எழுதும்போது ம + 6 முழுவதற்கும் அடியில் நீளமாகக் கோடு இழுத்துவிடுவதால், அடைப்புக்குறியின் வேலையையும் அந்தக் கோடே பார்த்துக்கொள்கிறது. அதே மாணவர் கைபேசியிலோ கணினியிலோ ஒரே வரியில் ம + 6/3 என்று தட்டச்சு செய்தால், அங்கே 6 மட்டுமே வகுபட்டு, இரண்டிலும் சேராத 14 என்ற விடை வருகிறது. இணையவழித் தேர்வுகள் பெருகிவிட்ட இந்நாளில் இதைத் தனியாகவே கற்பிக்க வேண்டும்.

சில வழிகாட்டி நூல்கள் ‘பங்கு என்று வந்தால் வகுத்தல்’ என்று சொற்பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. இது எனக்கு உடன்பாடானதன்று. ‘நால்வர் சமமாகப் பிரித்துக்கொண்டதில் ஒருவரது பங்கு ம ரூபாய் எனில் மொத்தத் தொகை என்ன?’ என்ற கேள்வியிலும் பங்கு என்ற சொல் இருக்கிறது. விடையோ 4ம, அதாவது பெருக்கல்.

பட்டியலைவிட, எழுதிய கோவையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமே மாணவருக்கு உதவும். 600 ரூபாய்ச் செலவை ம பேர் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், ம-வுக்கு 3 என்றும் பிறகு 6 என்றும் கொடுத்துப் பார்க்கட்டும். 600/ம என்பதில் ஒருவர் தர வேண்டியது 200-லிருந்து 100-ஆகக் குறைகிறது. ஆள் கூடினால் பங்கு குறைவதுதானே முறை. ம/600 என்று எழுதியவருக்கோ ஆள் கூடக் கூடப் பங்கும் கூடும்; தவறு அங்கேயே அகப்பட்டுவிடும். ம சுழியாக இருக்க முடியாது என்பதையும் ‘பகிர்ந்துகொள்ள ஆளே இல்லையே’ என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

எனவே, தங்கள் மாணவர் பகுதியில் இத்தகைய தொடர்களை இணை இணையாக அருகருகே வெளியிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்ணைப் பிரதியிட்டுச் சரிபார்க்க ஒரு வரி இடம் விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாள் தயாரிப்போரும் அந்தச் சரிபார்ப்பு வரிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குவது குறித்துப் பரிசீலிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்