உலை எங்கே இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

சீனத்துத் தாவோ துறவிகள் உடலையே உலையாகக் கொண்டு செய்யும் உள் ரசவாதமும் ஐரோப்பிய ரசவாதமும் ஒரே கலையின் இரு பெயர்கள்தாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருள்களைக் கையில் எடுத்துக்கொண்டு வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை என்பதே என் எண்ணம்.

வேதியியல் கற்பித்தவன் என்பதால் பொருளிலிருந்து தொடங்குகிறேன். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவந்த கனிமமான சாதிலிங்கத்தைக் காற்றுபடச் சூடாக்கினால் கந்தகம் புகையாகப் பிரிய, பாதரசம் ஆவியாகி எழுந்து வெள்ளித் துளிகளாகப் படியும். அந்தப் பாதரசத்தைக் கந்தகத்தோடு அரைத்தால் கரும்பொடியாகும். அதைச் சூடாக்கி ஆவியாக எழச்செய்து மீண்டும் திடமாகப் படியவிட்டால் (பதங்கமாக்கினால்) பழைய சிவப்பு திரும்பிவிடும். சாதிலிங்கம் பாதரசமாகிப் பின் சாதிலிங்கமாகவே மீள்வதை 4ஆம் நூற்றாண்டிலேயே சீன ரசவாதி கே ஹொங் எழுதியிருக்கிறார். கந்தகமும் பாதரசமுமே உலோகங்களின் மூலம் என்னும் கருத்து, ஜாபிர் என்னும் ரசவாதியின் பெயரால் வழங்கும் அரபு நூல்களின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. கறுப்பு, வெண்மை, சிவப்பு என்று அங்குள்ளவர்கள் வகுத்த படிநிலைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. மண்ணுக்குள் மெல்ல முதிரும் உலோகத்தை உலைத்தீ விரைவில் முதிரச் செய்யும் என்ற நம்பிக்கையும் இரு பக்கமும் உண்டு.

சீனத்தில் இத்தகைய பொருள்களிலிருந்து செய்த சாகா மருந்தை உண்டவர்கள் செத்தார்கள். 846இல் பேரரசர் வூசோங்கும் 859இல் சுவான்சோங்கும் இறந்ததற்கு அத்தகைய மருந்துகளையே காரணமாகச் சொல்கிறார்கள். அதனால் மட்டுமே உள் ரசவாதம் பிறந்துவிடவில்லை என்றாலும், 1075இல் தாவோ ஆசிரியர் சாங் போதுவான் தம் ‘வூஜென் பியென்’ பாடல்களை எழுதியபோது உலை உடலுக்குள் வந்துவிட்டிருந்தது. உண்மையான ஈயமும் பாதரசமும் கடைச்சரக்கு அல்ல என்பது அந்தப் பாடல்களில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. மூன்று கோடுகளாலான பழஞ்சீனக் குறிகளைக் கொண்டு அதை விளக்குவார்கள். நீரின் குறியில் இரு முறிந்த கோடுகளுக்கு நடுவே ஒரு முழுக்கோடு ஒளிந்திருக்கிறது, அதுவே உண்மையான ஈயம். நெருப்பின் குறியில் இரு முழுக்கோடுகளுக்கு நடுவே ஒரு முறிந்த கோடு, அதுவே உண்மையான பாதரசம். நீரின் நடுவிலிருந்து அந்த முழுக்கோட்டை எடுத்து நெருப்பின் நடுவில் வைத்தால் மூன்றும் முழுக்கோடுகளாகி வானத்தின் குறி பிறக்கும். பிறப்பிலிருந்து சிதறி இறங்கும் உயிராற்றலைத் திருப்பி மூலத்துக்கே ஏற்றும் முழுச் செயலையும் இந்த ஒரு மாற்றத்தில் அவர்கள் அடக்கிவிட்டது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஐரோப்பாவின் மூன்று மூலங்களும் சீனத்தின் மூன்றும் ஒன்றே என்று நீ காட்டிய ஒப்புமையில்தான் எனக்கு உடன்பாடில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பாராசெல்சஸின் உப்பு, கந்தகம், பாதரசம் ஆகிய மூன்றும் உடல், ஆன்மா, ஆவி என எல்லாப் பொருள்களிலும் ஒருங்கே இருக்கும் கூறுகள். சீனத்து சிங் (உடற்சாரம்), சீ (உயிர்மூச்சு), ஷென் (ஆவி) ஆகிய மூன்றோ ஒன்றைக் காய்ச்சி அடுத்ததாக்கி, கடைசியில் வெறுமைக்குத் திருப்பும் வழி. எண் ஒத்திருக்கிறது, வேலை ஒக்கவில்லை. பழங்கால எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதிய ரசவாதி சோசிமோஸின் கனவுக்காட்சிகளிலும் பிற்கால ஐரோப்பியரின் வேண்டுதல்களிலும் அகம் கலந்திருந்தது உண்மையே. ஆயினும் அவர்களுடைய பாத்திரம் பெரும்பாலும் மேசைமேல்தான் கொதித்தது.

இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதற்குக் உளவியலாளர் கார்ல் யுங் ஒரு பெரிய காரணம். 1928இல் சீன நூல்களை ஜெர்மனில் பெயர்த்த ரிச்சர்ட் வில்ஹெல்ம் அனுப்பிய ‘பொன்மலரின் இரகசியம்’ என்னும் சீன உள் ரசவாத நூல்தான் அவரை ஐரோப்பிய ரசவாதத்துக்குள் இழுத்தது. சீனக் கண்ணாடியை முதலில் அணிந்துகொண்டு அவர் ஐரோப்பிய ஏடுகளைப் பார்த்தார். லாரன்ஸ் பிரின்சிபே போன்ற இன்றைய வரலாற்றாசிரியர்கள் அந்த ஏடுகளின் செய்முறைகளை ஆய்வகத்தில் மீண்டும் செய்து பார்த்து, அவற்றின் விசித்திர உருவங்களில் பல மெய்யான வேதிமாற்றங்களை மறைத்துச் சொன்னவை என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே யுங்கைப் பிறகு படி. சாங் போதுவானை உரையுடன் முதலில் படி.

மூச்சுப் பயிற்சியைப் புத்தகம் பார்த்தே தொடங்கியதாக எழுதியிருந்தாய். நூல்கள் தீயின் அளவை எழுதிவைப்பதில்லை, அது வாய்மொழியாக மட்டுமே கிடைக்கும் என்று சாங் போதுவானே பாடியிருக்கிறார். எந்தக் கட்டத்தில் எவ்வளவு முனைவது, எப்போது தணிப்பது என்பதே அந்தத் தீ. நல்ல ஆசிரியர் கிடைக்கும் வரை பயிற்சியை நிறுத்திவை, அம்மா. படிப்பை மட்டும் தொடர்ந்து செய், ஐயங்களை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா