அக்கா வந்துடுவா

அன்புள்ள வாசுகி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். சின்னவனை முட்டுக்காட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துக்கு அழைத்துப் போனது, அங்கே ஆட்டிசம் என்று சொன்னது, திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நீயும் அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "பெரியவளுக்கு எட்டு வயசுடி, அவகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டிருந்தாய். தெரபி பற்றிச் சொல்ல உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எங்கள் கும்பகோணம் வீடு உனக்குத் தெரியும், ஆனால் நீ பார்த்தது பாதிதான். குக்கர் மூன்று விசிலோடு நின்றுவிட வேண்டும், நாலாவது வந்தால் என் தம்பி, அவனுக்கும் ஆட்டிசம்தானே, சுவரில் தலையை மோதிக்கொள்வான். கிரைண்டர் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மாவு ஆட்டும்போது நான் அவனை மகாமகக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சுற்றியிருக்கும் 16 மண்டபத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டால்தான் வீட்டுக்கு வருவான், நடுவில் ஒன்று விட்டுப்போனால் திரும்ப முதலிலிருந்து. நீங்கள் எல்லாரும் தெருவில் பாண்டி ஆடுகிற நேரம் அது.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் தூளியை வேகமாக ஆட்டி அவனைக் கீழே தள்ளிவிட்டேன். எனக்கு அப்போது நாலு வயது. அவனுக்குப் பேச்சு வரவில்லை என்று பெரியவர்கள் கூடிக் கூடிக் கிசுகிசுக்க ஆரம்பித்ததும், அது என்னால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் யாரும் எதுவுமே சொல்லவில்லை, வாசுகி. ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவிடம் உடைந்துபோய்ச் சொன்னேன். அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. வயிற்றில் அவன் இருந்தபோது கிரகணத்தில் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று பாட்டி சொன்னதை அம்மா அத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தாளாம். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஆளுக்கொரு பழியைச் சுமந்துகொண்டு.

படித்தவர்களே ஒரு காலத்தில் தாய்க்குப் பாசம் போதாததால் வருவது ஆட்டிசம் என்று எழுதினார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் இப்படி ஒரு பையனுக்கு அப்பாதான், இது உடல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று புத்தகமே எழுதினார். அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

அதனால் உன் பெரியவளிடம் இன்றைக்கே சொல்லிவிடு. பெயரைச் சொல்லியே சொல். தம்பியின் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, அவனுக்கு சத்தமும் வெளிச்சமும் நமக்கு இருப்பதைவிட அதிகமாகத் தெரியலாம், நீ செய்த எதனாலும் இது வரவில்லை, அம்மா செய்த எதனாலும் வரவில்லை. அவள் கேட்காவிட்டாலும் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்.

அப்புறம், "அவனை எனக்குப் பிடிக்கலை" என்று அவள் ஒருநாள் சொல்வாள். திட்டாதே. ஏழாம் வகுப்பில் புது டீச்சர் கூடப்பிறந்தவர்கள் பற்றிக் கேட்டபோது நான் "யாரும் இல்லை" என்றேன், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ ஒன்றும் சொல்லவில்லை, அன்று சாயங்காலம் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்தாய். அதற்கு இத்தனை வருடமாக நன்றி சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்று. கல்யாண வீட்டில் யாராவது அவள் தலையைத் தடவி "நாளைக்கு நீதாம்மா இவனைப் பார்த்துக்கணும்" என்பார்கள். அங்கேயே தடுத்துவிடு. எனக்குப் பத்து வயதிலிருந்து இதே வார்த்தைதான், ராத்திரியெல்லாம் அவனோடு சேர்த்து என்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

இப்போது நான் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர். 18 வயதுக்கு மேல் பெற்றவர்கள்கூடத் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மா மனுவில் என் பெயரை எழுதும் முன் "உனக்குச் சம்மதமா? இல்லைன்னாலும் பரவாயில்லை, வேற வழி பார்க்கலாம்" என்றாள். அதுவரை யாரும் என்னைக் கேட்டதே இல்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்து சரி என்றேன். உன் பெண்ணையும் ஒருநாள் கேள், ஆனால் அவள் வளர்ந்த பிறகு கேள்.

மனு கொடுக்கப் போன அன்று கலெக்டர் ஆபீஸில் ஒரே கூட்டம், மேலே ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு "அக்கா வந்துடுவா, அக்கா வந்துடுவா" என்று ஆரம்பித்துவிட்டான். நான் ஸ்கூலுக்குப் போனால் அம்மா அவனைச் சமாதானப்படுத்தச் சொல்லும் வார்த்தை அது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும்போதும் பயம் வந்தால் அதைத்தான் சொல்வான்.

ஏப்ரல் லீவுக்குப் பிள்ளைகளோடு வா. சின்னவனை நீயும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரியவளை நான் மட்டும் தனியாகக் குளக்கரைக்குக் கூட்டிப் போகிறேன், அவளுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறதோ கேட்கட்டும். வந்ததும் காலிங்பெல்லை அடிக்காதே, வாசலில் நின்று போன் பண்ணு.

உன் பழைய பெஞ்சுத் தோழி