மறுபடியும் ரெக்கார்டு நோட்டு

கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

சிகாகோவில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படிக்கிற எம்.பி.ஏ.-வைப் பாதியில் விட்டுவிட்டு, பெயர் பெற்ற வேறொரு பிசினஸ் பள்ளிக்கு மாறலாமா என்று கேட்டு நீ போட்ட நீளமான மெயில் வந்து பத்து நாள் ஆகிறது. அன்றே பதில் போட்டிருந்தால் "பெரிய இடம்டா, சேர்ந்துடு" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அதனால்தான் ஆறப் போட்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பாடலீஸ்வரர் கோயில் பிரதோஷத்தை மட்டும் விடுவதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் அடித்தபோது பின்கட்டுச் சுவரில் ஊறிய கறைக்கு இப்போதுதான் வெள்ளை அடித்திருக்கிறார்கள். அக்கா வீடுதான் பாவம். சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை புரண்டதில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, நினைவிருக்கும். நிலைக்கதவு உப்பிப்போய் இன்றைக்கும் சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது.

அம்மா காபி கொடுத்துக்கொண்டே கேட்டார்கள்: "அவன் இன்னும் படிக்கிறானாமே தம்பி, நாப்பது ஆகப் போகுது, இன்னும் என்ன பரீட்சை பாக்கி?" பாதி முடித்துவிட்டான் என்றேன். அந்தப் பாதி கால்வாசி ஆனாலும் ஆகலாம் என்று நான் சொல்லவில்லை.

உன் மெயிலைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பிளஸ் ஒன். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்து, காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பயாலஜிக்கு மாற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். தலைமையாசிரியர் கையெழுத்து ஒரே நாளில் கிடைத்துவிட்டது. ரெக்கார்டு நோட்டு யார் எழுதுவது? பாட்டனி பாதியை நீ எழுதினாய், சுவாலஜியை ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து நான் எழுதினேன். நான் வரைந்த தவளையைப் பார்த்து சார் "இது யானை மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடைசியில் நீ போய் உட்கார்ந்தது கம்ப்யூட்டர் முன்னால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய பள்ளியில் எட்டு பாடம், அதாவது 24 செமஸ்டர் கிரெடிட் (பாடத்துக்கு இத்தனை என்று பட்டத்துக்குச் சேரும் புள்ளி) முடித்திருக்கிறாய். புதுப் பள்ளி குவார்ட்டர் முறை, வருடத்தை அரையாண்டாக இல்லாமல் காலாண்டாகப் பிரிக்கிறது. ஒரு செமஸ்டர் கிரெடிட் அங்கே ஒன்றரை, ஆக 36 என்று நீயே கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாய். எட்டு பாடம் எப்படிப் பெருக்கினாலும் எட்டு பாடம்தான். அதில் எத்தனையை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மூன்று என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மீதி ஐந்துக்கு "விலக்கு" தருவதாக எழுதியிருக்கிறாய் பார், அதை மட்டும் இரண்டு தடவை படி. விலக்கு என்றால் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம், அவ்வளவுதான். பல இடங்களில் அதற்குப் பதில் வேறொரு பாடம் எடுத்து, பணம் கட்டித்தான் ஆக வேண்டும். பட்டத்துக்கு வேண்டிய மொத்த கிரெடிட் குறையாது. வாங்கி வைத்திருக்கும் கிரேடும் பெரும்பாலும் கூட வராது, சராசரி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான்கு செமஸ்டராக வாங்கிய ஏ எல்லாம் பழைய மார்க் ஷீட்டிலேயே நின்றுவிடும்.

அடுத்தது கம்பெனி கொடுக்கிற பணம். படிப்புக்கு முதலாளி தருவதில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அமெரிக்காவில் வரி கிடையாது என்று நீதான் ஒரு தடவை விளக்கினாய். அதே கம்பெனியிடம், பள்ளியை மாற்றினால் புதிதாக அனுமதி வாங்க வேண்டுமா, படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டாயா? மெயிலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எம்.பி.ஏ. சேர எழுதுகிற ஜிமேட் தேர்வு மதிப்பெண்ணும் ஐந்து வருடம்தான் செல்லும். உன்னுடையது எந்த வருடம் என்று பார்.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2017-ல் புதுச்சேரியில் மாலை நேர எம்.பி.ஏ. சேர்ந்தேன் இல்லையா? சிப்காட்டில் ஐந்தரைக்கு ஸ்டோர்ஸைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்தால் பக்கம்தான். அரியாங்குப்பத்தில் மாட்டிக்கொண்டால் முதல் வகுப்பு போச்சு. இரண்டு செமஸ்டர் ஆனதும் எனக்கும் இதே அரிப்பு வந்தது. சென்னையில் வார இறுதி வகுப்பு, பெயர் உள்ள இடம், விசிட்டிங் கார்டில் போட்டால் எடுப்பாக இருக்கும். மார்க் ஷீட், சிலபஸ் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே அலுவலகத்தில் ஒரு அம்மா இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலை அடிக்கோலாக வைத்து வரி வரியாக இறங்கினார். "உங்க பேப்பர்ல நாலாவது யூனிட் இல்லையே சார்." ஒரு சுழி. "இது எங்ககிட்ட நாலு கிரெடிட், உங்களுக்கு மூணு." இன்னொரு சுழி. பத்து பேப்பரில் எட்டைச் சுழித்த பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இந்த ரெண்டும் வரும், ஃபீஸ் மட்டும் முழுசா கட்டணும்" என்றார். கோபமே வரவில்லை. அந்த அம்மா செய்தது சரியான வேலை. நான்தான் பேப்பரின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். (இப்போது இங்கே வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி வந்துவிட்டது. யுஜிசி 2021-ல் கொண்டுவந்தது, கிரெடிட் ஏழு வருடம் வரை உயிரோடு இருக்கும். ஆனாலும் சேர்க்கிற இடம்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.)

மாறவில்லை, புதுச்சேரியிலேயே முடித்தேன். புத்திசாலித்தனம் என்று நினைக்காதே, கையில் பணம் இல்லை. ஆனால் ராத்திரி ஒன்பதரை பஸ்ஸில் கூட வருகிற பண்ருட்டிக்காரர் ஒருவர், முந்திரி ஏற்றுமதி செய்கிறவர், அவர் மூலமாகத்தான் இப்போது இருக்கும் பர்ச்சேஸ் வேலை கிடைத்தது. சென்னைக்குப் போயிருந்தால் இதைவிட நல்லதும் கிடைத்திருக்கலாம், யார் கண்டது. சனிக்கிழமை விடியற்காலையில் சென்னை போகிற ஈசிஆர் பஸ்ஸைப் பார்த்தால் இன்னமும் ஒரு சின்ன உறுத்தல் வரத்தான் செய்கிறது.

அதனால் உனக்கு "போகாதே" என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. உன் ஊர் வேறு. பூத், கெல்லாக் மாதிரி பெரிய பிசினஸ் பள்ளிப் பெயர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஊரில், அந்தப் பெயருக்குச் சில கதவு திறக்கும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் நீ குறிவைப்பது கன்சல்டிங், மற்ற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை. அந்தக் கம்பெனிகள் அங்கே பெரும்பாலும் முழுநேர மாணவர்களைக் கோடைகாலப் பயிற்சிக்கு எடுத்து, அங்கிருந்துதான் வேலைக்கு எடுக்கிறார்கள் என்கிறார்கள். மாலை வகுப்பில் படிக்கிற உனக்கு அந்தப் பயிற்சிக்குப் போக வேலையை விட வேண்டியிருக்குமே. முழுநேர மாணவர்களுக்கு நடக்கும் நேர்காணலில் மாலை மாணவர்களை உட்கார விடுவார்களா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். புதுப் பள்ளியின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு போன் போட்டு, போன வருடம் மாலை வகுப்பிலிருந்து கன்சல்டிங் போனவர்கள் எத்தனை பேர், வேலையை விடாமலே போனவர்கள் எத்தனை பேர் என்று கேள். மழுப்பினால் அதுவே பதில்.

என் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். உன் மெயிலில் புது மேனேஜர் எங்கே படித்தார் என்பது மூன்று தடவை வருகிறது. நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய் என்பது ஒரு தடவை கூட வரவில்லை. அந்த ஆள் மீது இருக்கும் கடுப்புக்கு இவ்வளவு செலவு செய்யாதே. அது இல்லாமலும் உனக்கு அந்தப் பள்ளி வேண்டும் என்று தோன்றினால், ஐந்து பாடம் போனாலும் பரவாயில்லை, போ. நான் குறுக்கே நிற்க மாட்டேன். எந்தெந்தப் பாடம் வரும், எதற்கு விலக்கு, மொத்தம் எத்தனை பாடத்துக்குப் பணம் என்பதை மட்டும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடு. வந்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, நானும் பென்சில் வைத்துப் பார்க்கிறேன்.

அப்புறம், என் மைத்துனன் அடுத்த மாதம் சிகாகோ வருகிறான். அம்மா ஒரு கிலோ முந்திரியும் நெல்லிக்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊறுகாய் வழியில் ஒழுகாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் கவர் போடச் சொல்லியிருக்கிறேன். எந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறான் என்று கேட்டுச் சொல்கிறேன். ராத்திரி வந்து சேர்ந்தாலும் நீதான் போய் அழைத்து வர வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்